வேண்டாம் என்று சொன்னது நான்

ஆடி 1, திங்கள்

மாரியம்மா, இதில் பொய் எழுதவிடாதே.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மற்ற எழுத்தெல்லாம் காலண்டர்த் தாளையும் பஞ்சாங்கத்தையும் பார்த்துப் பழகியது. தப்பிருந்தால் இருக்கட்டும். பாலுக்கும் சிலிண்டருக்கும் தேதி போடுகிறவள் இதற்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. எப்போது வருகிறது, எங்கே வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எழுதிவைத்தால் ஒரு வரிசைக்குள் வரும் அல்லவா.

காலை 5.40. குழாயடியில், மூன்றாவது குடம் நிறையும்போது. ஒன்பது நிமிடம்.
பகல் 11.50. வீட்டோடு இருக்கிற எங்கள் பட்டறை ஆட்களுக்குச் சோறு வடிக்கும்போது. பதினான்கு நிமிடம்.

எப்படி வரும் என்று ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதமாட்டேன். முதலில் உள்ளங்கை வேர்க்கும். மாவு மெஷினில் பெல்ட் கழன்ற மாதிரி நெஞ்சு ஓடும். மூச்சு பாதி வழியில் நின்றுகொள்ளும். விரல் மரத்துப்போய் வாயைச் சுற்றி எறும்பு ஊரும். செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரியும். அப்புறம் சாகமாட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ரசத்துக்குத் தாளிப்பேன்.

ஆடி 2, செவ்வாய்

காலை 6.15, பகல் 11.30, மாலை 4.05. மூன்றும் சமையலறையில்.

"வேலைன்னா மட்டும் மூச்சு வாங்குது. டிவி முன்னால உக்காந்தா வாங்க மாட்டேங்குது" என்றார்கள் அத்தை. நான் டிவி பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "கேஸுடி. இஞ்சிய நசுக்கிப் போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

வைகாசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு வயர் வைத்துப் பார்த்தோம். அந்த டாக்டர் சின்ன வயசு. "இருதயத்துல ஒண்ணுமே இல்லைங்கம்மா. இது பதற்றத்துல வர்றது. மனநலப் பிரிவுல ஒருக்கா காட்டுங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத வெளிய யாருக்கும் சொல்லாத. மனநலம்னா சேலம் பூரா தெரிஞ்சிரும்." சொல்லவில்லை.

ஆடி 3, புதன்

ரேஷன் கடை வரிசை, 10.45. பதினொரு நிமிடம். பருப்பு வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆடி 4, வியாழன்

கக்கூஸில். மணி தெரியவில்லை.
பகல் 12.10. பட்டறைக்குச் சோற்றுப் பாத்திரம் தூக்கும்போது. குழம்பு கொஞ்சம் சிந்திவிட்டது. அவர் ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை, பிற்பாடு சொன்னார்.

ஆடி 6, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஆடி வெள்ளி. எங்கள் தெருக் கோயிலில் கூட்டம் வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. பம்பைக்காரர்கள் மூன்று பேர். நான் தூணோரமாக நின்றேன். எதிரில் பச்சை ரவிக்கை போட்ட ஒரு பெண், அவள் ஊக்கு ஒன்று கழன்றிருந்தது, சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பம்பைச் சத்தம் ஏறியது. சாம்பிராணிப் புகை. பின்னாலிருந்து தள்ளினார்கள். உள்ளங்கை வேர்த்தது.

இங்கே வேண்டாமே என்று அம்மனைப் பார்த்துக் கேட்டேன். வந்துவிட்டது. உடம்பு ஆடியது. தூணைப் பிடித்தேன், கை நிற்கவில்லை. மூச்சுக்கு வாயைத் திறந்தால் சத்தம் வந்தது.

"ஏ, பாக்கியத்து மேல ஆத்தா வந்துட்டாடி!"

யார் கத்தியது என்று தெரியாது. பம்பைக்காரர்கள் நேராக என் காதுக்கே வந்து அடித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். முகத்துக்கு முன்னால் கற்பூரத் தட்டு. பூசாரி, "தாயே, யாரு வந்திருக்க? சொல்லு தாயே" என்றார். பெண்கள் மாறி மாறி என்னென்னவோ கேட்டார்கள். எனக்கு அந்தப் புகை போனால் போதும் என்றிருந்தது. "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னது நினைவிருக்கிறது. பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

கண் திறந்து பார்த்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். கை இரண்டும் கூப்பியிருந்தன.

வீட்டு வாசலில் அத்தை என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் அவர்களுக்கு ஊற்றியதுதான் உண்டு.

இன்று நான் சமைக்கவில்லை. பட்டறை ஆட்களுக்கு மெஸ்ஸிலிருந்து வந்தது.

ஆடி 7, ஞாயிறு

வரவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அவர் கீழே பாய் விரித்துக்கொண்டார். "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

ஆடி 8, திங்கள்

வரவில்லை. தண்ணீர் அத்தையே பிடித்தார்கள். நான் ஆறரை மணி வரைக்கும் தூங்கியிருக்கிறேன்.

மகள் ஓசூரிலிருந்து பேசினாள். "என்னம்மா, சாமியாயிட்டியாமே? அப்பா ஒரு மாதிரி பயந்து பயந்து பேசுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆடி 9, செவ்வாய்

வரவில்லை.

பக்கத்து வீட்டு ருக்குமணி ஒரு சீப்பு பழமும் எலுமிச்சையும் கொண்டுவந்து வைத்து, காலில் விழுந்து எழுந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். ஒரே நாளில் ஊறுகாய் போடுவோம், ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டில் கிடக்கும்.

"ஆத்தா வாக்கு குடுத்துட்டா. ஆப்பரேசன் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டமுங்கக்கா" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் சீரங்கன் அண்ணனுக்கு இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள், நாளை மறுநாள். ஆடியில் செய்யலாமா என்று ஏற்கெனவே மனசு இழுத்துக்கொண்டிருந்ததாம். கோயிலில் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, "எம் புருசனுக்கு நெஞ்சக் கிழிக்கலாமா தாயே?" என்று கேட்டது அவள்தானாம். ஆத்தா இரண்டு தடவை வேண்டாம் என்றாளாம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரு கெடக்கறாரு. ஆத்தாவுக்கு மேல படிச்சவரா?"

ஆடி 10, புதன்

வரவில்லை. சொல்லிவிடலாம் என்று ருக்குமணி வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது.

ஆடி 11, வியாழன்

வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு அத்தை தேய்த்துவிட்டார்கள். அவர்கள் கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று தெரியாது.

இன்றுதான் ஆப்பரேசனுக்குக் குறித்திருந்த நாள். சீரங்கன் அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். நன்றாகத்தான் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

ஆடி 12, வெள்ளி

கோயிலில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். பம்பை அடித்தார்கள். ஒன்றும் வரவில்லை. "ஆத்தா குளுந்திருக்கா" என்றார் பூசாரி.

ஆடி 14, ஞாயிறு

வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தது ஆத்தாவேதானோ, வந்து நோவை எடுத்துக்கொண்டு போய்விட்டாளோ என்று யோசிக்கிறேன். அப்படியானால் அந்த வார்த்தையும் அவளுடையதுதானே. நான் போய் இல்லை என்று சொன்னால் அது பாவமாகாதா?

பூசாரியின் தங்கை மேல் வருஷா வருஷம் அம்மன் வருவாள். அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. முழிச்சா ஒடம்பெல்லாம் மஞ்சத் தண்ணி. அவ்ளோதான்" என்றாள்.

எனக்குப் பச்சை ரவிக்கையின் ஊக்கு வரைக்கும் நினைவிருக்கிறது.

ஆடி 16, செவ்வாய்

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆடி 17, புதன்

நாளைக்குப் பெருக்கு. நல்ல நாளில் போய் இதைச் சொல்வானேன். வெள்ளி கழியட்டும்.

ஆடி 18, வியாழன்

பெருக்கு. சித்ரான்னம் அத்தை செய்தார்கள்.

பதினோரு மணிக்குச் சீரங்கன் அண்ணன் வாசலில் தாலிக்கயிறு மாற்றுவதற்கு மஞ்சள் உரசிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ருக்குமணி ஏறும்போது என்னைப் பார்த்து, "அக்கா, ஆத்தாகிட்ட சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே போனாள்.

11.20. வாசற்படியில். இருபத்தொரு நிமிடம். அத்தை ஓடிவந்து கற்பூரம் ஏற்றினார்கள்.

ஆடி 19, வெள்ளி

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ருக்குமணி மகள் கோகிலா வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். கும்பிடவில்லை.

"பெரிம்மா, இந்த மாசத்துக்குள்ள பண்ணியாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொருக்கா இப்படி வந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் கூடத் தாங்காதாம். திங்கக்கெழமைக்கு மறு திங்க ஒரு எடம் காலியா இருக்குது. எங்கம்மா மாட்டேங்குது. கேட்டா உங்களக் காட்டுது."

நான் வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உங்க மேல வந்தது சாமிதானுங்களா?"

"உள்ள வா கண்ணு, வெயில்ல நிக்காத."

"நான் உள்ள வர்ல. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒரே அப்பாதான்."

அத்தை உள்ளிருந்து, "வாய் பாரு இவளுக்கு, ஆத்தா கண்ணைக் குத்திருவா" என்றார்கள். நான் அத்தையைச் சும்மா இருக்கச் சொன்னேன். சும்மா இருந்தார்கள். இனிமேல் இருக்கமாட்டார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

ஆடி 20, சனி

காலையில் குளித்து, அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். நீயாக இருந்தால் இப்போதே என் வாயைக் கட்டிவிடு என்றேன். கட்டவில்லை. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். ருக்குமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து விழப்போனாள். "விழாத. உக்காரு" என்றேன். நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு எம்மேல ஆத்தா வர்ல ருக்கு. எனக்கு ஒரு நோவு இருக்குது. மூச்சடைக்கும், ஒடம்பு ஆடும். கோயில்ல வந்தது அதுதான். வேண்டாம்னு சொன்னது நான். கற்பூரப் பொகைதான் வேண்டாம்னேன். நீ கேட்டதே எனக்குத் தெரியாது."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "ஆத்தா சோதிக்கறாளா?"

"இல்ல ருக்கு."

"நீங்க சொல்லலக்கா. சொன்னது அவ. அதை இல்லேங்கறதுக்கு நீங்க யாரு?"

நோட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அண்ணன்தான் கை நீட்டினார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி சத்தமாகப் படித்தார்.

"கொழாயடி, அஞ்சு நாப்பது. சோறு வடிக்கும்போது, பதினாலு நிமிசம். ரேசன் கடை வரிசை. பருப்பு வாங்கல." நிறுத்தினார். "கக்கூசு." கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "ஏ ருக்கு, ஆத்தா கக்கூசுக்கெல்லாமா வருவா?"

சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

சிரிப்பு நின்றதும் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, அது வர்றப்ப செத்துருவோம்னு தோணுமா?"

"ஒவ்வொரு தடவையும் தோணுமுங்கண்ணா."

"எனக்கு அந்த மேசைய நெனச்சாலே அப்படித்தான் இருக்குது. மயக்க மருந்து குடுத்து எந்திரிக்காமப் போயிட்டா? ஆத்தா வேண்டாம்னுட்டான்னதும் அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன். உள்ளதச் சொல்றேன், எனக்கும் அது சவுரியமா இருந்துச்சு."

நானும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ருக்குமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கெழமை நான் கால்ல விழுந்தப்ப உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பதினோரு நாளு. இவரு வாசல்ல விழுந்தப்பவும் தெரியும்."

"தெரியும்."

"போயிருங்கக்கா."

அண்ணன், "ருக்கு" என்றார். அவள் கீரையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "கோகிலாவுக்குப் போன் போடறேன். அந்த மறு திங்க இருக்குதான்னு கேக்கச் சொல்றேன்" என்று அவரிடம் சொன்னாள்.

வந்துவிட்டேன்.

ஆடி 21, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன்.

அத்தை முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். "எங்கைய விட்டு எண்ணெ தேய்க்க வெச்சுட்டாளே" என்று மூன்று பேரிடம் போனில் சொன்னார்கள்.

அவர் பட்டறை ஆட்கள் போன பிறகு வந்து நின்றார். "உன்னக் கும்பிட்டவன்டி நான். தெருவே பாக்கக் கும்பிட்டேன். இனி எப்படி உன்கூடச் சண்ட போடறது?" என்றார். நிஜமாகவே குழப்பமாக இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கட்டிலில் அவரே படுத்துக்கொண்டார். நாளையிலிருந்து ஆறு பேருக்குச் சமையல்.

ஆடி 22, திங்கள்

காலை 5.50, பகல் 11.40, மாலை 6.00.

ஆடி 24, புதன்

நான்கு தடவை. எழுத அலுப்பாக இருக்கிறது.

தெருவில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று, பாக்கியத்துக்கு மூளை கலங்கிவிட்டது. மற்றது, ஆத்தா கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். முதலாவது பேச்சே எனக்குப் பரவாயில்லை.

ஆடி 26, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். பம்பைக்காரர்கள் என் பக்கம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அதனால் காற்று நன்றாக வந்தது. அம்மன் முகத்தை நிம்மதியாகப் பார்த்தேன். உன் பெயரில் இரண்டு வாரம் படுத்துத் தூங்கினேன், மன்னித்துக்கொள் என்றேன். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

ஆடி 28, ஞாயிறு

கோகிலா வந்தாள். "நாளைக்குக் காலைல ஆப்பரேசன் பெரிம்மா. அப்பா உங்கள வரச் சொல்லுச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணுமாம். அம்மா ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல."

பஸ்ஸில் ஏறி மூன்று மாதம் ஆகிறது.

அவரிடம் கேட்டேன். "ஆட்களுக்குச் சோறு?" என்றார். "மெஸ்ஸுல சொல்லுங்க. அப்ப சொன்னீங்கல்ல" என்றேன். என் வாய்தான் சொன்னது. அவர் சரி என்றார்.

ஆடி 29, திங்கள்

டவுன் பஸ்ஸில் இரண்டாவது ஸ்டாப்பிலேயே வந்துவிட்டது. இறங்கி ஒரு பூக்கடை நிழலில் உட்கார்ந்து, முடிந்த பிறகு அடுத்த பஸ் ஏறினேன். கோகிலாவுக்குப் போன் செய்து வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சீரங்கன் அண்ணனுக்குப் பச்சை அங்கி போட்டு, மார்பு மயிரெல்லாம் வழித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். ஆள் பாதியாகத் தெரிந்தார். "வந்துட்டியா தங்கச்சி" என்றார். "உள்ள போறப்ப எனக்கு அந்த மாதிரி வந்துச்சுன்னா என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா. சாகப்போறோம்னு தோணும். தோணட்டும். தோணறது வேற, சாகறது வேற."

"நெசமாவா?"

"இந்த மாசத்துல மட்டும் முப்பது தடவைக்கு மேல பாத்துட்டேன்."

தலையாட்டினார். தள்ளிக்கொண்டு போனார்கள்.

நீளமான வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். ருக்குமணி ஒரு கோடியில், நான் இன்னொரு கோடியில், நடுவில் கோகிலா. ஒன்பது மணிக்குப் போனவர். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கோகிலா இட்லி வாங்கி வந்தாள். ருக்குமணி சாப்பிடவில்லை. நான் பாதி சாப்பிட்டேன். இரண்டு மணிக்குக் கோகிலா மருந்துச் சீட்டோடு கீழே போனாள்.

அவள் போனதும் கதவுக்கு உள்ளே ஏதோ மணி அடித்தது. இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள். யாருக்கென்று தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்தது. அந்த வார்த்தையை நம்பிப் பதினெட்டு நாள் தள்ளிப்போட்டு வந்திருக்கிற உடம்பு உள்ளே கிடக்கிறது என்று ஓடியது மனசில். அப்புறம் மனசே இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்தேன், நாற்காலியே ஆடியது. சத்தம் வந்துவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

ருக்குமணி பார்த்தாள். எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். வந்து முன்னால் நின்றாள். அவள் கை தானாகக் கும்பிடுகிற மாதிரி பாதி வரைக்கும் வந்தது. அப்புறம் இறங்கியது.

"இப்ப நான் என்னக்கா பண்ணணும்?"

மூச்சுக்கு நடுவே சொன்னேன். "ஒண்ணும்... பண்ணாத. பக்கத்துல... உக்காரு."

உட்கார்ந்தாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முழங்கை என் முழங்கையில் பட்டது. எடுக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு டாக்டர் வந்தார். "சீரங்கன் கூட வந்தவங்க?"

ருக்குமணி எழுந்தாள். எனக்கு எழ முடியவில்லை.

"நல்லபடியா முடிஞ்சதும்மா. ரெண்டு நாள் உள்ளதான் வெச்சிருப்போம். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தீங்கன்னா சிரமமாயிருக்கும்." அப்போதுதான் என்னைப் பார்த்தார். "இவங்களுக்கு என்னாச்சு? ஏன் இப்படி நடுங்கறாங்க?"

"அதுங்களா," என்றாள் ருக்குமணி. "அக்காவுக்கு ஒரு நோவு இருக்குதுங்க. அப்பப்ப இப்படி வரும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும். நீங்க எங்கூட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, அவர் பின்னாலேயே கதவு வரைக்கும் போனாள். தன் கைப்பையை என் மடியில் விட்டுவிட்டுப் போனாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.